குதிரைக்கால் சொறி: வினையா, கடனா?

கனத்த உடல் கொண்ட சில குதிரை இனங்களுக்கு முழங்காலுக்குக் கீழே நீண்ட மயிர் வளர்ந்து குளம்பையே மூடிவிடும். இங்கிலாந்தின் ஷைர், ஸ்காட்லாந்தின் கிளைடெஸ்டேல், நெதர்லாந்தின் ஃபிரீசியன், நாடோடிக் குடும்பங்கள் வளர்த்த ஜிப்சி காப் ஆகியவை அத்தகையவை. அவை நடக்கும்போது கால்மயிர் எழுந்து விழுவது பார்க்க அழகு. அதற்காகவே பரிசு கொடுக்கும் கண்காட்சிகள் உண்டு. ஆனால் மயிருக்கு அடியில் தோல் எப்படி இருக்கிறது என்று எளிதில் தெரியாது. நோய் தொடங்குவது அங்கேதான்.

முதல் காரணம் கோரியாப்டிஸ் எனப்படும் சொறி உண்ணி. அரை மில்லிமீட்டருக்கு மேல் வளராத உயிர் அது. தோலைத் துளைத்து உள்ளே போகாமல் மேல்தோலின் செதிலைத் தின்று மேற்பரப்பிலேயே வாழும். முட்டை பொரிந்து வளர்ந்த உண்ணியாக ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். அரிப்பு தாங்காத குதிரை தரையை உதைக்கும், ஒரு காலை மற்றொரு காலில் தேய்க்கும், எட்டிய இடத்தைப் பல்லால் கடிக்கும். கடித்த இடத்தில் பொருக்குக் கட்டும். பொருக்குக்கு அடியில் நீர் கசியும். சேறும் ஈரமும் சேர்ந்தால் நுண்ணுயிர் புகுந்து சீழ் பிடிக்கும். வயலில் நின்று வேலை செய்வோருக்கு வரும் சேற்றுப்புண்ணைக் கண்டவர்களுக்கு இந்தப் புண்ணின் தோற்றம் புதிதல்ல.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. ஷைர், கிளைடெஸ்டேல், பெல்ஜியக் கனரகக் குதிரை ஆகியவற்றின் கால்களில் நிணநீர் சரியாக மேலேறாமல் தேங்கி, தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகி, முடிச்சு விழும் நோயை 2003இல் ஆய்வாளர்கள் தனியாக இனம்கண்டு விவரித்தனர். தமிழ்நாட்டில் யானைக்கால் நோயைப் பார்த்தவர்கள் அந்தக் காலை உடனே அடையாளம் காண்பார்கள். யானைக்காலுக்குக் கொசு பரப்பும் புழு காரணம். குதிரைக்கோ புழு எதுவும் இல்லை. இரத்தத்திலேயே வழிவழியாக வருகிறது. இதை முற்றிலும் குணப்படுத்த மருந்து இல்லை. உண்ணியும் புண்ணும் சேர்ந்தால் வீக்கம் வேகமாக முற்றும் என்பதால் அவற்றை அடக்கி வைப்பதே வைத்தியம்.

வைத்தியத்தின் முதல் படி கத்தரிக்கோல். மயிரை ஒட்ட வெட்டினால்தான் தோல் தெரியும், மருந்து தோலில் படும். பொருக்கை வலிய உரிக்காமல் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து எடுக்க வேண்டும். செலினியம் சல்பைடு கலந்த ஷாம்புவால் கழுவுவதும், கந்தகமும் சுண்ணாம்பும் சேர்த்துக் காய்ச்சிய கரைசலைத் தடவுவதும் நெடுநாள் வழக்கம். உண்ணியைக் கொல்ல மருத்துவர் தோலில் தெளிக்கும் மருந்தோ ஊசியோ தருவார். வாய்வழி கொடுக்கும் ஐவர்மெக்டின் மேற்பரப்பில் மேயும் இந்த உண்ணியிடம் அவ்வளவாக எடுபடாது. மருந்துக்குத் தப்பிய முட்டைகள் பொரியும் என்பதால் சில வாரம் விட்டு மறுபடி மருந்திட வேண்டும். லாயத்தின் வைக்கோலை மாற்ற வேண்டும். பக்கத்தில் கட்டிய குதிரைக்கும் சேர்த்து மருந்திட வேண்டும். கழுவிய பிறகு காலை ஈரம் போகத் துடைத்து உலர்த்தத் தவறினால் இவ்வளவு பாடும் வீண். நாள்தோறும் நடக்க வைத்தால் நிணநீர் மேலேறும்.

தமிழ்நாட்டுக் குதிரைகள் பெரும்பாலும் மார்வாரி, கத்தியவாரி, பந்தயக் குதிரை இனங்களும் அவற்றின் கலப்பும்தான். அவற்றின் கால்மயிர் குட்டை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தாழ்நிலங்களில் தேங்கி நிற்கும்போது, சேற்றில் கட்டிக் கிடக்கும் எந்தக் குதிரைக்கும் மாட்டுக்கும் குளம்புக்கு மேலே தோல் வெந்து புண்ணாகும். அதனால் இந்த நோய் எழுப்பும் கேள்வி சீமைக் குதிரையோடு முடிவதில்லை. வாயில்லாப் பிராணி ஒன்று நோயால் துடிக்கும்போது அதற்கு மருந்திடுவது மனிதனுக்கு எந்த வகையில் கடமையாகிறது? அது கருணையா, புண்ணியம் தேடலா, வினையின் போக்கில் குறுக்கிடுவதா, திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டிய கடனா?

இந்தக் கேள்வியைக் கேட்கத் திருவள்ளூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. அங்கே பள்ளிகொண்ட வீரராகவப் பெருமாளுக்கு வைத்தியர் என்றே பெயர். திருஎவ்வுள் என்னும் திவ்யதேசம் அது. திருமழிசை ஆழ்வாரும் திருமங்கை ஆழ்வாரும் பாடிய தலம். இன்று அகோபில மடத்தின் நிர்வாகத்தில் உள்ளது. மூலவரின் வலக்கை ஒரு முனிவரின் தலைமேல் இருக்கிறது. அந்த முனிவர் சாலிஹோத்திரர். ஓராண்டு உண்ணாமல் தவமிருந்து, தை அமாவாசையன்று மாவைப் படைத்து விருந்தினருக்குக் காத்திருந்தார் அவர். கிழவர் ஒருவர் வந்து விருந்தினர் பங்கைத் தின்று, பசி அடங்காமல் முனிவரின் பங்கையும் தின்றுவிட்டார். முனிவர் மறுபடி ஓராண்டு பட்டினி கிடந்து மறுபடியும் உணவைக் கொடுத்தார். உண்ட களைப்புக்குப் படுக்க எவ்வுள், அதாவது எந்த அறை, என்று கிழவர் கேட்க, தன் குடிலையே காட்டினார். இது தலபுராணம்.

வடமொழி மரபில் குதிரை வைத்தியத்தின் முதல் ஆசிரியராகச் சொல்லப்படுபவர் பெயரும் சாலிஹோத்திரர்தான். குதிரையின் இலக்கணம், தீவனம், நோய், மருந்து ஆகியவற்றைப் பற்றிய பெருநூல் ஒன்று அவர் பெயரில் வழங்குகிறது. பாண்டவருள் நகுலன் பெயரிலும் ஒரு குதிரை நூல் உண்டு. படங்களோடு கூடிய அந்த அசுவசாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் பதிப்பித்தது. திருவள்ளூர்த் தலபுராணத்து முனிவர் குதிரையைத் தொட்டதாகக் கதையில் வருவதில்லை. இருவரையும் ஒருவராக்க வேண்டிய அவசியமும் இல்லை. தன் பங்கு உணவைப் பசித்தவருக்குக் கொடுத்த ஒருவர் தலைமேல் வைத்தியப் பெருமாளின் கை இருக்கிறது என்பதே போதுமான செய்தி.

அமாவாசைதோறும், அதிலும் தை அமாவாசையில், அக்கோயிலின் ஹிருத்தாபநாசினிக் குளக்கரையில் கூட்டம் தாங்காது. மரு, கட்டி, தோல்நோய் உள்ளவர்கள் குளத்தில் வெல்லத்தைக் கரைக்கிறார்கள். உப்பும் மிளகும் செலுத்துகிறார்கள். நோயுற்ற உறுப்பின் உருவத்தைத் தகட்டில் வாங்கிக் காணிக்கையாக இடுவோரும் உண்டு. பிள்ளைக்காகத் தாய் நேர்ந்துகொள்வதில் தடையில்லை. நேர்ந்துகொள்பவர் ஒருவர், நோயாளி ஒருவர். கறவை மாட்டுக்காகக் குலதெய்வத்திடம் வேண்டிக்கொள்வதும் தமிழ்நாட்டு ஊர்களில் சாதாரணம். அப்படியானால் குதிரைக்காகவும் ஒருவர் வெல்லம் கரைக்கலாம். கரைத்துவிட்டுக் குதிரையை மட்டும் குளத்தில் இறக்கக் கூடாது. தீர்த்தத்தின் மகிமையில் குறைவு ஏதுமில்லை. கால்புண்ணுக்கு ஈரம் ஆகாது.

வேண்டுதலும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குவதாகத் தமிழ்ச் சமய மரபு பெரும்பாலும் கருதவில்லை. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்தைப் பற்றிப் பேசி, நோயாளி, மருத்துவர், மருந்து, பணிவிடை செய்பவர் என்ற நால்வகைப் பிரிவோடு முடிகிறது. குதிரை வைத்தியத்தில் முதல் ஆளுக்குப் பேச வராது. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்று சொல்லும் பொறுப்பு நான்காம் ஆளின் தலையில் விழுகிறது. மயிரை விலக்கிப் பார்க்காத குதிரைக்காரரிடம் இருக்கும் குதிரைக்குப் பெரிய மருத்துவர் கிடைத்தும் பயன் இல்லை.

மருந்திடுவதற்குத் தடை வேறு திசையிலிருந்து வருகிறது. நொண்டி நிற்கும் மிருகத்தைப் பார்த்து, போன ஜென்மத்துப் பாவம் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. சைவ சித்தாந்தம் இதை நுட்பமாகவே பேசுகிறது. உயிர்களுக்கு உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் இறைவன் கொடுத்தவை. அவை அவரவர் வினைக்கு ஏற்ப அமைந்தவை. நுகர்ந்துதான் வினை தீரும். அப்படியிருக்க, குதிரை நுகர வேண்டிய அரிப்பை மருந்தால் நிறுத்துவது அதன் கணக்கைத் தீர்க்காமல் தள்ளிப்போடுவதாகாதா?

இந்தத் தடையை நேராக எடுத்து விடை சொன்னவர் வள்ளலார் இராமலிங்க அடிகள் (1823–1874). திருத்தணி முருகனைத் தேடிப் பாடிய அவர், திருவள்ளூர் வைத்திய வீரராகவர்மீதும் ஒரு பஞ்சகம் பாடியிருக்கிறார். அவருடைய ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநூல், துன்புறும் உயிர்கள் முற்பிறப்பில் கருணையின்றி நடந்தமையால் துன்புறுகின்றன என்பதை மறுக்கவில்லை. அப்படிப்பட்டவற்றுக்கு உதவுவது கடவுள் ஆணைக்கு விரோதமாகுமே என்ற கேள்விக்கு அது அரசன் ஒருவனைக் காட்டுகிறது. சிறையிலிட்ட கொடிய குற்றவாளிக்கும் அரசன் தன் சேவகர் கையால் சோறு போடச் செய்கிறான். சோறு கொடுக்கும் சேவகன் அரசனுக்கு எதிரி ஆவதில்லை. தண்டனை அரசன் கணக்கு, சோறு சேவகன் வேலை.

வள்ளலார் துன்பங்களைத் தரம் பிரிக்கிறார். பசியையும் கொலையையும் நீக்குவது உயர்ந்த ஜீவகாருண்யம். தாகம், பிணி, பயம் முதலியவற்றை நீக்குவது அதற்கு அடுத்தது. குதிரையின் விஷயத்தில் இந்த வரிசை அவ்வளவு தெளிவாக நிற்பதில்லை. இடைவிடாமல் அரிக்கும் குதிரை நிம்மதியாக மேயாது, இரவில் ஓயாது. பிணி பசியாக மாறிவிடுகிறது. முற்றிய காலோடு நடக்க முடியாத கனரகக் குதிரையைக் கடைசியில் கருணைக்கொலை செய்வதும் நடக்கிறது. ஆக, மூன்று துன்பங்களும் ஒரே காலிலிருந்து கிளம்புகின்றன.

வைணவ மரபில் இதற்கு இன்னும் அழுத்தமான ஒரு காட்சி இருக்கிறது. மகாபாரதத்தின் துரோண பர்வத்தில், பொழுது சாய்வதற்குள் ஜயத்ரதனைக் கொல்வதாகச் சபதம் செய்த அருச்சுனன் படைக்குள் புகுந்து போகிறான். நடுக்களத்தில் குதிரைகள் அம்பு தைத்துக் களைத்து நின்றுவிடுகின்றன. அருச்சுனன் தேரைவிட்டு இறங்கித் தரையில் நின்று பகைவரைத் தடுக்கிறான். அம்பெய்து நீர்நிலை ஒன்றை உண்டாக்குகிறான். கண்ணன் குதிரைகளை அவிழ்த்து, தைத்த அம்புகளைப் பிடுங்கி, கையால் உடலைத் தேய்த்துவிட்டு, நீர் காட்டி, இளைப்பாறவிட்டு மறுபடி பூட்டுகிறான். ஒவ்வோர் உயிரின் வினையையும் அறிந்தவன் கண்ணன் என்றால், அந்த நான்கு குதிரைகளின் முற்பிறப்புக் கணக்கும் அவனுக்குத் தெரிந்திருக்கும். அதை அவன் அங்கே எடுக்கவில்லை. சபத நேரம் ஓடிக்கொண்டிருந்தும் அம்பைப் பிடுங்குவதுதான் அவன் செய்த முதல் வேலை. அக்குதிரைகள் அந்தக் களத்துக்குத் தாமாக வரவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

வினைக் கொள்கை ஒருவர் தன் துன்பத்தைத் தாங்குவதற்குப் பெரிய துணை. பிறர் துன்பத்தின்மேல் அதைச் சாத்தும்போது அது சோம்பலுக்குச் சாக்காகிவிடுகிறது. தனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கி, குதிரைக்கு வந்தால் பாவக் கணக்குப் பார்ப்பவர் சித்தாந்தி அல்லர்.

இதைவிடக் கடினமான கேள்வி சமணத்திலிருந்து வருகிறது. ஜி.என்.டி. சாலையில் சென்னைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே உள்ள புழலில் ஆதிநாதர் கோயில் ஒன்று இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. இந்தப் பகுதிக்குச் சமணம் அன்னியமன்று. குதிரையின் காலில் மருந்து படும்போது ஆயிரக்கணக்கான உண்ணிகள் சாகின்றன. அவையும் உயிர்கள்தான். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஒன்று முதல் ஆறு வரை வரிசைப்படுத்துகிறது: எறும்புக்கு மூன்று, நண்டுக்கும் வண்டுக்கும் நான்கு, விலங்குக்கு ஐந்து. சமணமும் பேன், எறும்பு போன்றவற்றை மூன்று பொறி உடையவற்றில் சேர்க்கிறது. கண் இல்லாத சொறி உண்ணிக்கும் இடம் அங்கேதான். ஐந்தறிவுள்ள ஓர் உயிரின் அரிப்பைத் தீர்க்க மூவறிவுள்ள ஆயிரம் உயிர்களைக் கொல்லலாமா?

இந்தக் கேள்வியை அதன் எல்லைவரை கொண்டுபோனவர்கள் இருந்தார்கள். ஜான் ஓவிங்டன் என்ற ஆங்கிலப் பாதிரி 1689இல் சூரத்துக்குக் கப்பலேறிச் சென்று, அங்கே தாம் கண்டதை எழுதினார். அந்த ஊரில் மாடு, குதிரை, ஆடு, நாய்களுக்கு ஒரு மருத்துவசாலை இருந்தது. அதன் அருகே மூட்டைப்பூச்சிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் ஓர் இடம் இருந்தது. அவை பசியாறுவதற்காக ஏழை ஒருவனைக் கூலிக்கு அமர்த்தி இரவு அங்கே படுக்கவைத்தார்களாம். கேலி செய்வது எளிது. கொள்கையைச் சொல்வதோடு நில்லாமல் அதற்குச் செலவும் செய்தவர்கள் அவர்கள். ஆனால் கூலிக்குப் படுத்தவனின் உடம்பை அந்தக் கணக்கில் யார் சேர்த்தார்கள் என்ற கேள்வி அங்கேயே எழுகிறது.

இல்லறத்தாருக்குச் சமணம் கொடுக்கும் விடை அவ்வளவு கடுமையானதன்று. வேண்டுமென்றே கொல்லும் சங்கற்ப இம்சையை அது முற்றிலும் விலக்கச் சொல்கிறது. சமைத்தல், பெருக்குதல் போன்ற வீட்டுவேலையிலும், தொழிலிலும், தற்காப்பிலும் தவிர்க்க முடியாமல் நேரும் கொலையை மனவருத்தத்தோடு குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. குதிரைக்கு மருந்திடுவது இந்தப் பின்வகையில் சேரும் என்று கொள்ளலாம், நோக்கம் கொலையன்று. குறைத்துக்கொள்ளுதல் என்ற நிபந்தனையைக் கையில் எடுத்ததும் வைத்திய முறையும் சமண நெறியும் ஒரே இடத்துக்கு வருகின்றன. மயிரை வெட்டி, காலை உலர்வாக வைத்து, வைக்கோலை மாற்றினால் உண்ணி பெருக இடமே இராது. கொல்ல வேண்டியவையும் குறையும். கண்காட்சியில் பரிசு போய்விடும் என்று மயிரை வெட்ட மறுப்பவர் குதிரையையும் வதைக்கிறார், உண்ணியையும் பெருகவிட்டுப் பிறகு கூட்டமாகக் கொல்கிறார். குதிரைக்கும் உண்ணிக்கும் நடக்கும் வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர் மூன்றாமவர்.

மூன்றாமவரைக் கண்டதும் வினைக் கேள்வியும் மாறிவிடுகிறது. அந்த நீள மயிரும் பருத்த காலும் தலைமுறை தலைமுறையாக மனிதன் பொறுக்கிச் சேர்த்து வளர்த்தவை. எந்த ஆண்குதிரையை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்று முடிவு செய்தது குதிரை அன்று. நிணநீர் தேங்கும் குறை மரபுவழி இறங்கும் என்று தெரிந்த பிறகும் காலழகுக்காக அதே வரிசையில் குட்டி எடுத்தால், குட்டியின் காலில் இருக்கும் வினை யாருடையது? குதிரையின் முற்பிறப்பைத் தேடிப் போக வேண்டாம். இப்பிறப்பிலேயே கையெழுத்துப் போட்டவர் லாயத்து வாசலில் நிற்கிறார். அவர் இடும் மருந்து புண்ணியத்தில் சேராது. வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுகிறார், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒரு பழைய கடன் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. ஆண்டுக்கு 10,000 குதிரை, ஒவ்வொன்றும் 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். அந்தப் பெருந்தொகையில் கோயில் நிலங்களின் வருமானமும் சென்றது என்பது அவர் கூற்று. அதே நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது என்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, லாடம் கட்டுபவரை வணிகர் உள்ளே வரவிடுவதில்லை, செத்தால்தானே மறுபடி விற்கலாம் என்பது அவர் சொல்லும் காரணம். எண்ணிக்கைகளில் பயணியின் மிகை இருக்கலாம். ஆனால் வறண்ட நாட்டுக் குதிரையை ஈரநாட்டுக்குக் கொண்டுவந்து, சமைத்த சோற்றைப் போட்டு, நோய் வந்தபோது வைத்தியம் தெரியாமல் நின்றது நடந்ததுதான். பரி வாங்கப் போன மாணிக்கவாசகரின் கதையும், இறைவனே குதிரைச் சேவகனாக வந்ததும் இந்தக் குதிரைப் பசியை நினைவூட்டுகின்றன.

கடன் என்று ஒப்புக்கொண்ட பின்னும் ஒரு கேள்வி மிச்சம்: நல்ல மனம் போதுமா? சிப்காட் வளாகமும் உருக்காலைகளும் லாரிப் பட்டறைகளும் நெருங்கிய கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களில் கழிவு ஆயிலுக்குப் பஞ்சமில்லை. சொறி பிடித்த நாய்க்கும் மாட்டுக்கும் அதைத் தடவுவது தமிழ்நாடு முழுக்க உள்ள பழக்கம். தடவுபவர் மனத்தில் கருணைதான் இருக்கிறது. ஆனால் எஞ்சினில் எரிந்து கறுத்த எண்ணெயில் உலோகத் துகளும் நச்சுச் சேர்மங்களும் உண்டு. புண்ணான தோல் அவற்றை உறிஞ்சும். அரிப்பு தாங்காத மிருகம் நக்கியும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உண்ணி மூச்சடைத்துச் சாகலாம். அதோடு மிருகத்தின் ஈரலும் கெடலாம். மருந்தைப் பற்றிய குறள் அதிகாரம் இரக்கத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல், நோயையும் அதன் காரணத்தையும் அளவையும் காலத்தையும் பார்க்கச் சொல்வதில் இந்த இடத்தில் பொருள் விளங்குகிறது. கடனைத் திருப்பிக் கொடுப்பவர் செல்லாக் காசைக் கொடுத்தால் கடன் தீராது.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் புண்ணியத்தைப் பேசாமல் கடமையைத்தான் பேசுகிறது. விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனுக்கு வேண்டியதைச் செய்ய வேண்டும், தேவையற்ற வலி நேராமல் தடுக்க வேண்டும் என்பது அதன் 3ஆம் பிரிவு. நோயோ புண்ணோ உள்ள விலங்கை வேலை வாங்குவதை 11ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. கால் புண்ணோடு நிற்கும் குதிரையைக் கல்யாண ஊர்வலத்துக்கு ஓட்டிவருபவருக்கும் இது பொருந்தும். வாடகை பேசி அழைத்தவர் அந்தக் காலைக் குனிந்து பார்த்திருக்கலாம்.

வைத்தியத்துக்குத் தூரம் போகவும் வேண்டியதில்லை. 1989இல் நாட்டிலேயே முதலாவதாகத் தொடங்கிய கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் மாதவரத்தில் இருக்கிறது. 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. கால்நடைகளுக்கான ஆம்புலன்சைக் கூப்பிட 1962 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லை. கழிவு ஆயில் டப்பாவைத் திறப்பதற்கு முன் அந்த எண்ணை அழுத்துங்கள். மருத்துவர் வரும்வரை காலை நன்றாகத் துடைத்து உலர்ந்த தரையில் கட்டி வையுங்கள்.